ஒற்றையும் விற்கப்படும்

ஜூன் 3
கடையின் இணையதளத்தில் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ பெட்டி வழியாக
பொருள்: புகார்

அண்ணிக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். மெசேஜும் போகவில்லை. அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், “நான் என்ன தபால்காரனா? உங்க சண்டைய நீங்களே பேசித் தீத்துக்குங்க” என்று போனை வைத்துவிடுகிறார். ஒன்பது மாதமாக இதே கதை. அதனால்தான் நம் செருப்புக் கடையின் தளத்தில் வாடிக்கையாளர்கள் எழுதும் பெட்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பெட்டிக்கு மேலே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘இங்கே எழுதும் ஒவ்வொருவருக்கும் இரண்டு நாளில் கடை உரிமையாளரே பதில் எழுதுவார்.’ அந்த வரியை எழுதியது நான், ஒப்புக்கொண்டது நீங்கள். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட நீங்கள் அதை மீறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் நீங்கள் சொல்லச் சொல்ல நான் அடித்து அனுப்பினேன். போன வருடம் உங்கள் கடையில் நான் வாங்கிய பழுப்புச் செருப்பின் பில் எண்ணையும் படிவத்தில் போட்டிருக்கிறேன். நானும் வாடிக்கையாளர்தான், தப்பிக்க முடியாது.

புகார் இதுதான். இந்த மாதம் முப்பதாம் தேதி அந்தப் பெரிய விற்பனைத் தளத்தோடு ஒப்பந்தம் போடப் போகிறீர்களாம். அவர்கள் தளத்தில் ஒரு மூலையில் நம் கடை இருக்கும், அதற்குப் பதிலாக நம் சொந்தத் தளத்தை மூடிவிட வேண்டுமாம். தபால்காரன் இல்லை என்று சொன்ன அதே மனுஷன்தான் இதையும் சொன்னார். மூடினால் இந்தப் பெட்டி போய்விடும். ஒற்றை ஷூ கேட்டு நம்மைத் தேடி வருகிறவர்களுக்கு வேறு வாசல் கிடையாது.

‘ஒற்றை’ என்றதும் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று தெரியும். வரட்டும். பரணில் முப்பத்தெட்டு ஒற்றை ஷூக்கள் கிடக்கின்றன. கிளம்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்து, அளவு, நிறம், இடதா வலதா என்று எழுதி ஒரு பக்கம் தயாராக வைத்துவிட்டு வந்தேன். ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். முப்பதாம் தேதிக்குள் ஒன்றுகூட விற்கவில்லை என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள், அதற்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்


ஜூன் 5
பொருள்: பதில்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் செருப்பில் ஏதேனும் குறை இருந்தால் தெரிவிக்கவும். இல்லையென்றால் பில் எண்ணைக் காட்டி என்னை மிரட்டும் வேலையை விட்டுவிடவும்.

நீ வாய் திறக்காமல் இருப்பாயா? உனக்கு வாயாடி என்று பெயர் வைத்தது நான். எனக்கே கதை விடுகிறாய்.

ஒற்றை என்றதும் பற்றிக்கொண்டு வருகிறதுதான். ஏன் வராது? ஐந்து வருடம் ஒரே கல்லாவுக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஐந்து வருடமும் நீ ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் பார்சல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய், நான் ஒன்றும் தெரியாத பொம்மை மாதிரி பக்கத்தில் இருந்திருக்கிறேன். மிச்ச ஷூவைப் பெட்டியில் வைத்து, எடை சரியாக இருக்கப் பழைய பேப்பரைத் திணித்து, திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டாய். எந்தப் பெட்டியில் ஜோடி, எந்தப் பெட்டியில் பேப்பர் என்பது உனக்கு மட்டும் தெரியும். நீ பல் வலி என்று லீவு போட்ட அன்றைக்கு நான் எடுத்துக் கொடுத்தது பேப்பர் பெட்டி. அதுவும் யாருக்கு? தலைமை ஆசிரியைக்கு. பரிசளிப்பு விழாவுக்கு மேடை ஏறப் போகும்போது பெட்டியைத் திறந்திருக்கிறார், ஒரு ஷூவும் போன வருடத்துப் பேப்பரும் இருந்திருக்கிறது. மறுநாள் வீட்டுச் செருப்போடு கடைக்கு வந்து பெட்டியைக் கல்லாவில் வைத்தாரே. அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் கத்தினேன்தான். கத்தாமல் கொஞ்சுவார்களா?

பெரிய தளத்தில் சேருவது ஆசைப்பட்டு இல்லை. ஒரு முழு நாளைக்கு மூன்று பேர் வருகிறார்கள், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்குகிறவர். ஷட்டரை ஏற்றி இறக்கியே உன் அண்ணனுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவர்களோடு சேர்ந்தால் நாடு முழுக்க விற்கலாம் என்கிறார்கள்.

பொத்தானை அழுத்திவிட்டேன். உனக்காக இல்லை, பரண் காலியாகட்டும் என்று. முப்பதாம் தேதி வரைதான்.

கடை உரிமையாளர்


ஜூன் 9
பொருள்: நன்றியும் ஒரு விளக்கமும்

அண்ணி,

அழுத்தினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

பேப்பர் திணித்தது தப்பு. அதை இங்கேயே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். விற்றது தப்பில்லை, மறைத்தது தப்பு. ஏன் மறைத்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை, அதனால் சொல்கிறேன்.

முதலில் கேட்டவர் ஒரு தையல்காரம்மா. தளத்தில் அரட்டைப் பெட்டி போட்ட புதிது. ‘இடது கால் ஷூ மட்டும் கிடைக்குமா?’ என்று வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, ‘கிடைக்காதுங்க, ஜோடியாத்தான் வரும்’ என்று அடித்தேன். பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் எழுதினார்: ‘எனக்கு ஒரு கால்தான். ஒவ்வொரு தடவையும் ஜோடி வாங்கி, புது ஷூ ஒன்றை அப்படியே பரணில் போடுகிறேன். பார்க்கும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் கேட்டேன், பரவாயில்லை.’ பரவாயில்லை என்று போட்டாரே அண்ணி, அதற்கப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்கே பிரித்து அனுப்பினேன். உங்களிடம் சொல்லியிருந்தால் கணக்கு வழக்கு என்று பத்து கேள்வி கேட்டு வேண்டாம் என்றிருப்பீர்கள். சரி என்றும் சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பையே நான் உங்களுக்குத் தரவில்லை.

என் புது வேலையைப் பற்றி அண்ணன் சொல்லியிருப்பார். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனி. புகார் எழுதுகிறவர்களுக்குப் பதில் அனுப்புகிற கூடத்தில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நான் இருபத்தாறு. ஒரே நேரத்தில் ஆறு பேரோடு பேச வேண்டும், அதனால் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று போய்விடும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை வருந்துகிறேன், ஒரு தடவைகூட வருத்தம் வந்ததில்லை. எழுதுகிறவர் ‘இந்த எண் ஊழியர்தான் வேண்டும்’ என்று குறிப்பிட்டால் அது நேரே அவருக்கு வரும். இதுவரை இருபத்தாறு வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நம் கடையில் உங்களைத்தானே கேட்டு எழுதுவார்கள். அதை நினைத்துக்கொள்வேன்.

வாயாடி


ஜூன் 16
பொருள்: உன் திருவிளையாடல்

அடியே,

என்னைப் பார்த்தால் உனக்கு எப்படித் தெரிகிறது? காதில் பூ வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்றா?

தையல்காரம்மா கதையைப் படித்துவிட்டு எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. உன் அண்ணனிடம்கூடப் படித்துக் காட்டினேன். கலங்க வைத்துவிட்டு அடுத்த வேலையைக் காட்டிவிட்டாய்.

ஒற்றைகளுக்கு ஒரே வாரத்தில் பதினோரு ஆர்டர். நீ ஒளித்து ஒளித்து விற்றபோதே மாதம் ஒன்று போனால் பெரிது. இப்போது பொத்தானை அழுத்திய ஐந்தாவது நாளிலிருந்து ஆர்டர் மேல் ஆர்டராகக் கொட்டுகிறது. விலாசங்களைப் பார்த்தேன். நாலு உன் ஊர். அதில் ஒன்று உன் ஆபீஸ் இருக்கும் அதே கட்டடம், மூன்றாம் மாடி. வாடகை விலாசமாவது வேறு தெருவில் பிடிக்கக் கூடாதா? முப்பதாம் தேதிக்குள் விற்றுக் காட்டுகிறேன் என்று சவால் விட்டாய், சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு உன் சம்பளத்திலேயே ஆர்டர் போட வைத்திருக்கிறாய். என்னை ஏமாற்றி ஜெயித்து உனக்கு என்ன கிடைக்கப் போகிறது?

பதினொன்றையும் ரத்து செய்துவிட்டேன். பேப்பர் திணித்தவளுக்கு ஆள் திணிக்கத் தெரியாதா என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

இனி இந்தப் பெட்டியில் எழுதாதே. எழுதினால் நான் பதில் எழுத வேண்டியிருக்கும்.

கடை உரிமையாளர்


ஜூன் 17
பொருள்: உடனே படிக்கவும்

அண்ணி,

நான் ஒரு ஆர்டர்கூடப் போடவில்லை. அண்ணன் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

மூன்றாம் மாடியில் ஒரு காப்பீட்டு அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு அம்மா வேலை பார்க்கிறார். ஒரு கால் ஆறாம் அளவு, இன்னொரு கால் எட்டாம் அளவு. லிஃப்டில் பழக்கம். போன வாரம் நம் பக்கத்தைக் காட்டினேன். அவர் தன்னைப் போல ஒற்றை ஷூ தேடுகிறவர்கள் இருக்கிற ஒரு குழுவில் போட்டிருக்கிறார். குழுவில் முன்னூறு பேர். ஆர்டர் கொட்டியது அப்படித்தான்.

ரத்து செய்யும்போது ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கும். மூன்று காரணம்தான் இருக்கும். ‘இருப்பில் இல்லை’, ‘விலாசம் தவறு’, ‘போலி ஆர்டர்’. எதை அழுத்தினீர்கள்? நீங்கள் சொல்லவே வேண்டாம். அந்த அம்மா காலையில் லிஃப்டில் தன் போனைக் காட்டினார். ‘உங்கள் ஆர்டர் போலி எனக் கண்டறியப்பட்டதால் ரத்து செய்யப்பட்டது.’ விளையாட்டுக்கு ஆர்டர் போடுகிறவர்களுக்காக நான்தான் அந்த வரியை எழுதி வைத்தேன். அது தானாகப் பதினோரு பேருக்கும் போயிருக்கிறது. ஒற்றை ஷூவுக்கு அலைகிற பதினோரு பேரிடம், ‘நீ பொய்’ என்று நம் கடை எழுதியிருக்கிறது.

“இது உன் சொந்தக்காரங்க கடைன்னுதானே சொன்ன?” என்று கேட்டார்.

பதினொன்றில் ஒரு ஆர்டரில் குறிப்பு இருக்கும், அந்த அம்மா சொன்னார். எட்டாம் அளவு, கறுப்பு, கயிறு கட்டுகிற ஷூ, வலது. அந்த ஆர்டரைப் போட்டவர் 24ஆம் தேதி புது வேலையில் சேருகிறார். அதைப் படித்தீர்களா இல்லையா?

ஏதாவது செய்யுங்கள்.


ஜூன் 21
பொருள்: பதில்

வாயாடிக்கு,

இரண்டு நாளில் பதில் என்ற விதியை உன் விஷயத்தில் இரண்டாவது தடவையாக மீறிவிட்டேன். இந்தத் தடவை ஊரில் இல்லை. காரணத்தை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. உன் அண்ணன் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுப் போய் ஷட்டரை பாதி இறக்கிவிட்டார். பதினோரு பேருக்கும் மன்னிப்பு மெயில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். மெயிலில் அடித்த அடிக்கு மெயிலிலேயே மருந்து போட மனசு வரவில்லை. போனை எடுத்தேன்.

முதல் ஆள் சிரித்துவிட்டார், இதைவிட மோசமாக எல்லாம் கேட்டிருக்கிறாராம். அவர் சிரித்ததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் கட் செய்துவிட்டார்கள். ஒரு பெண், தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு டாக்டர் சர்டிஃபிகேட் அனுப்பட்டுமா என்று கேட்டாள். செருப்பு வாங்க சர்டிஃபிகேட். அங்கேயே என் குரல் உடைந்துவிட்டது, அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். உன் மூன்றாம் மாடி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் பத்து பார்சல் கட்டிவிட்டோம்.

பதினோராவது ஆள்தான் அந்த 24ஆம் தேதிக்காரர். எட்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. பார்சலில் போட்டால் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். ஷூவைப் பெட்டியில் வைத்து, பேப்பர் வைக்காமல், பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். நாலரை மணி நேரம்.

இரண்டாம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் ஊன்றுகோலில் நின்றார். நாற்பது வயது இருக்கும். கடைப் பெயரைச் சொன்னேன்.

“போலின்னு எழுதியிருந்தீங்க. நேர்ல பாத்துட்டுப் போகலாம்னு வந்தீங்களா?” என்றார்.

நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்னவள். அன்றைக்குப் பெட்டியை மட்டும் நீட்டினேன். உள்ளே வரச் சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார, நான் தரையில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுவிட்டேன். வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. கடையில் போட்டுவிடுகிற மாதிரிதான் போட்டுவிட்டேன், முன்பக்கம் அழுத்திப் பார்த்து, கயிறு இறுக்கி. அளவு கச்சிதம். “தப்பு என்னோடதுங்க. ஒருத்தி மேல இருந்த கோபத்த உங்க மேல காட்டிட்டேன்” என்றேன். அவர் எழுந்து நின்று அறைக்குள் இரண்டு நடை நடந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலையாம். கறுப்பு ஷூ கட்டாயம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வேலைக்காக இரண்டு வருடம் அலைந்திருக்கிறார். அடக்க முடியாமல் நான் அழ ஆரம்பித்ததும் டீ போட்டுக் கொடுத்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து காட்டினார். ஒன்பது இடது ஷூக்கள், எல்லாம் புதுசு, அடியில் தூசிகூட ஒட்டவில்லை. வருடக்கணக்கில் ஜோடி வாங்கி மிஞ்சியவை. “தூக்கிப் போட மனசு வரல. உங்ககிட்ட கேக்கறவங்க யாருக்காவது ஆகுமா பாருங்க” என்று பையில் கட்டிக் கொடுத்தார். பரணைக் காலி செய்யப் போனவள் ஒன்பது ஒற்றையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தேன். உன் அண்ணன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அன்றைக்குத் தலைமை ஆசிரியை நிற்க, இன்னும் ஆறு வாடிக்கையாளர்கள் நிற்க, உன்னைத் ‘திருடி’ என்றேன். இந்தப் பதினோரு பேரைப் போலி என்றேன். விசாரிப்பதற்கு முன்னால் என் வாய் முந்திக்கொள்கிறது. உன்னைச் சொன்னபோது நீ கேட்டுக்கொண்டு ஒரு வாரத்தில் ஊரை விட்டே போய்விட்டாய், அதனால் எனக்கு உறைக்கவில்லை. அவர் ஊன்றுகோலோடு நின்று கேட்டபோதுதான் உறைத்தது. மன்னித்துக்கொள்.

இந்த ஒன்பது இடதுகளையும் தளத்தில் எப்படி ஏற்றுவது? போனில் கேட்கலாம் என்று பார்த்தேன், உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுக்கத் தெரியவில்லை. உன் அண்ணனுக்கும் தெரியவில்லை.

கடை உரிமையாளர்


ஜூன் 23
பொருள்: படிப்படியாக

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்துவிட்டேன். ஆறு அரட்டைப் பெட்டியும் காத்துக்கொண்டிருந்தது, எனக்கு மூக்கு ஒழுகியது. பக்கத்து சீட் இருபத்தேழு கைக்குட்டை கொடுத்தாள்.

ஒன்பதையும் வெளிச்சம் வருகிற பக்கம் வைத்துப் படம் எடுங்கள். ஷூவுக்குப் பக்கத்தில் அளவு நாடாவை வையுங்கள், உங்கள் கையை வைக்காதீர்கள். ‘புதிய பொருள்’ என்பதை அழுத்தினால் ஒரு படிவம் வரும். அவர் சும்மா கொடுத்தவை என்பதால் விலை என்ற கட்டத்தில் ‘இலவசம்’ என்றே எழுதுங்கள், பார்சல் செலவு மட்டும் வாங்கிக்கொள்வோம். இதே போல வீட்டில் மிஞ்சிய ஒற்றைகளைக் கொடுக்க நினைப்பவர்கள் நமக்கு எழுதலாம் என்று கீழே ஒரு வரி போடுங்கள். பாருங்கள், எத்தனை அலமாரி திறக்கிறது என்று.

இனி என் விஷயம். முப்பதாம் தேதி எனக்கும் முக்கியமான நாள்தான். அன்றைக்கு என்னை நிரந்தரமாக்கி, பத்து பேருக்கு மேற்பார்வை பார்க்கச் சொல்லப் போகிறார்கள். நல்ல சம்பளம். ஜன்னல் பக்கத்து நாற்காலி. அண்ணன், “வந்துடு” என்கிறார். நீங்கள் வா என்று எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்பு எனக்குப் போதும், இந்தப் பெட்டியில் நீங்கள் எழுதியதே போதும். அந்த வார்த்தையை மட்டும் பெட்டிக்குள் வைத்துத் திரும்ப வாங்க முடியாது. அதை ஏழு பேர் கேட்டார்கள். நான் கடைத் தெருவில் பஸ்ஸுக்கு நின்ற அந்தக் கடைசி வாரம் முழுக்க, பழக்கடைக்காரர்கூடத் தன் கல்லாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் என்னோடு பேசினார். வாடிக்கையாளர் முன்னால் சொன்னதை வாடிக்கையாளர் முன்னால்தான் எடுக்க முடியும். உங்களால் முடியாது என்றால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அங்கே வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார மட்டும் என்னால் முடியாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒற்றைகளை அவர்கள் படிவத்தில் எங்கே எழுதுவது என்று கேளுங்கள். அதை மட்டும் கேளுங்கள்.

பிளாக்கை எடுக்க: என் பெயரைத் தொட்டு, மேலே மூன்று புள்ளி இருக்கும், அதை அழுத்துங்கள். மிச்சம் உங்கள் கெட்டிக்காரத்தனம்.

வாயாடி


ஜூலை 1
ஃப்ரிட்ஜ் கம்பெனியின் ‘புகார் தெரிவிக்க’ பக்கம் வழியாக
எந்த ஊழியரிடம் பேச விரும்புகிறீர்கள்: எண் 26 மட்டும். வேறு யாரும் வேண்டாம்.
பொருளின் பெயர்: நாத்தனார்

இருபத்தாறாம் எண் ஊழியருக்கு,

நான் உங்கள் கம்பெனியில் ஃப்ரிட்ஜ் எதுவும் வாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பொருள் ஒன்று ஒன்பது மாதமாக உங்களிடம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் புகார்.

முதலில் நேற்று நடந்தது. பெரிய தளத்திலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினாள். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாம் கேட்டுக்கொண்டேன். எங்கே கையெழுத்து என்று காட்டினாள். நீ சொன்ன கேள்வியைக் கேட்டேன். படிவத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினாள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். “ஒத்தையா இருந்தா இங்க போடணும்மா” என்று காட்டினாள். அந்தக் கட்டத்துக்கு மேலே ‘குறைபாடுள்ள பொருள்’ என்று எழுதியிருந்தது.

எனக்கு அந்த இரண்டாம் மாடி அறை ஞாபகம் வந்தது. ஷூவைப் போட்டுக்கொண்டு இரண்டு நடை நடந்தாரே, அது ஞாபகம் வந்தது. “எங்க கடையில குறை உள்ள பொருள் எதுவும் இல்லம்மா” என்றேன். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் இன்னொரு தடவை யோசிக்கச் சொன்னாள். யோசித்து முடித்தாயிற்று என்று சொன்னேன். உன் அண்ணன் ஷட்டர் பக்கம் நின்றுகொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

முப்பத்தெட்டில் ஏழுதான் மிச்சம். அலமாரிகள் நீ சொன்ன மாதிரியே திறந்துகொண்டுவிட்டன. நேற்று மட்டும் ஐந்து ஊரிலிருந்து ஒற்றைகள் வந்திருக்கின்றன, என்னால் படம் எடுத்து மாளவில்லை. ஒற்றை தேடி வருகிறவர்கள் ஜோடியாகவும் வாங்குகிறார்கள், வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு என்று. கடையில் இன்னும் மூன்று பேர்தான் வருகிறார்கள். தளத்தில் நிற்கிற வரிசையை நான் ஒருத்தி சமாளிக்க முடியாது. ஆறு பேரோடு ஒரே நேரத்தில் பேசத் தெரிந்த ஆள் வேண்டும்.

இனி உன் நிபந்தனை. ஏழு பேர் முன்னால் சொன்னேன், ஏழு பேரையும் தேடிப் பிடித்துக் கூட்டிவைக்க முடியாது. அதனால் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒற்றைகள் பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில், இப்படிப் போட்டிருக்கிறேன்:

‘இந்தப் பக்கத்தை உண்டாக்கியது என் நாத்தனார். ஒற்றை ஷூ கேட்டவர்களுக்கு ஐந்து வருடம் எனக்குத் தெரியாமல் அனுப்பியவள் அவள். அது தெரிய வந்த அன்று, கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் அவளைத் திருடி என்று சொன்னேன். அது பொய். அவள் திருடவில்லை. நான் செய்திருக்க வேண்டியதை எனக்கு முன்னால் செய்தாள். – கடை உரிமையாளர்’

இதை அடிக்க எனக்கு ஒரு மதியம் பிடித்தது. நாலு வரிக்கு நாலு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். உன் அண்ணன் பிழை திருத்தினார். அச்செடுத்துக் கல்லாவுக்கு மேலேயும் ஒட்டியிருக்கிறேன். பழக்கடைக்காரர் வந்து நின்று இரண்டு தடவை படித்துவிட்டு, எப்போது வருகிறாள் என்று கேட்டார்.

இன்று காலை அந்தப் பக்கத்தின் கீழே, வாடிக்கையாளர் கருத்து எழுதும் இடத்தில், ஒன்று வந்திருக்கிறது. ‘அன்று நானும் கடையில் இருந்தேன். கேட்டேன். இன்று படித்தேன். என்னிடம் இருக்கும் அந்த ஒற்றையையும் அனுப்பி வைக்கிறேன், யாருக்காவது ஆகட்டும்.’ கீழே பெயர் போடவில்லை, ‘ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை’ என்று மட்டும் இருக்கிறது.

ஜன்னல் பக்கத்து நாற்காலியை நான் தர முடியாது. நம் கடையில் ஒரே ஜன்னல்தான், அதிலும் சாக்கடை தெரியும். வாடிக்கையாளருக்கு எழுதுகிற வேலை முழுக்க உன்னுடையது, நான் குறுக்கே வர மாட்டேன். உரிமையாளரே பதில் எழுதுவார் என்ற வரியை ‘உரிமையாளர்களே’ என்று மாற்றிவிட்டேன். கோபம் வந்தால் கத்துவேன், அதை மாற்ற முடியாது. ஆனால் உள் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் கத்துவேன்.

என் புகார் இவ்வளவுதான். எங்கள் பொருளைத் திருப்பி அனுப்பவும்.

உன் அண்ணி


ஜூலை 2
அனுப்புநர்: வாடிக்கையாளர் சேவை, எண் 26

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

வணக்கம். தங்கள் புகார் கிடைத்தது. இருபத்தாறாம் எண்ணைக் கேட்டு வந்த முதல் கடிதம் இது என்பதால் கூடத்தில் நாற்பது பேரும் எழுந்து வந்து படித்தார்கள்.

தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். இந்த வரிக்குப் பொத்தான் இருக்கிறது, நான் அழுத்தவில்லை. கையால்தான் அடித்தேன்.

தாங்கள் கேட்ட பொருள் இன்று வேலையை விட்டுவிட்டது. மேற்பார்வை நாற்காலி இருபத்தேழுக்குப் போகிறது, கைக்குட்டை கொடுத்தவள், அவளுக்குத் தகும். பொருள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வந்து சேரும். இரண்டு பெட்டி, மூன்றாம் மாடி அம்மா கொடுத்தனுப்பும் ஒற்றைகள் ஒரு பை. எடுத்துச் செல்ல ஆள் வரவும். முழங்கால் வலிக்காரரை அனுப்ப வேண்டாம், உரிமையாளரே வரவும்.

ஒருமுறை பெற்றுக்கொண்ட பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எண் 26, இந்த வாரம் வரை

பி.கு. என் நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது, இப்போதுதான் அடித்துப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது அண்ணி? மூன்று புள்ளி. மேலே, வலது பக்கம்.